மலை ஏறாத மாத்திரை

தோழர்களே, ஒரு மருந்தின் வரலாறு என்றால் கண்டுபிடித்த விஞ்ஞானி, தயாரித்த கம்பெனி, அனுமதி கொடுத்த அரசு என்றுதான் எழுதுகிறார்கள். யாருடைய ரத்தத்திலிருந்து அந்த அறிவு கிடைத்தது, யார் போராடி அதன் விலையை இறக்கினார்கள், யார் கைக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை என்று எழுதுவதில்லை. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரையின் வரலாற்றை நாம் அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்போம். அதற்காக நாம் நிற்கும் இடம் நாமக்கல் மாவட்டம், கொல்லிமலை, ஆலத்தூர் நாடு.

கொல்லிமலையில் ஊர்த் தொகுதிகளை 'நாடு' என்றே சொல்வார்கள். வாழவந்தி நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு போல ஆலத்தூர் நாடும் ஒன்று. இங்கு வாழும் பெரும்பான்மையினர் 'மலையாளி' எனப்படும் பழங்குடி மக்கள். கேரளத்து மலையாளிகள் வேறு, இவர்கள் வேறு. இந்த மக்களிடம் தொற்று அதிகம் என்று நாம் சொல்லவில்லை. அப்படி ஒரு முத்திரையை அவர்கள் மேல் குத்த யாரையும் விடவும் மாட்டோம். நம் கேள்வி வேறு. ஒரு தடுப்பு மருந்து இருக்கிறது என்றால், அது தேவைப்படும் ஒருவருக்கு இந்த மலையில் எப்படிக் கிடைக்கும்?

மருந்து இரண்டு வகை. ஆபத்து நடந்த பிறகு எடுப்பது பெப். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கும், வேலையில் ஊசி குத்திக்கொண்ட செவிலியருக்கும் இது தேவை. 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். ஆபத்துக்கு முன்பே எடுப்பது பிரெப். டெனோபோவிர், எம்ட்ரிசிட்டபின் என்ற இரண்டு மருந்துகள் ஒரே மாத்திரையில் இருக்கும். தவறாமல் எடுத்தால் உடலுறவு வழியாகத் தொற்று வருவதை மிகப் பெருமளவு தடுக்கும்.

இந்த நோயின் இந்திய வரலாறு தொடங்குவது சென்னையில். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி செல்லப்பன் நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். பெரும்பாலும் யாருடைய ரத்தம்? பாலியல் தொழில் வழக்கில் கைதாகி அரசு காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களுடையது. வேலூர் சி.எம்.சி.யில் நடந்த பரிசோதனையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் தெரியவந்தன.

அந்தக் கண்டுபிடிப்பு நாட்டுக்கு எச்சரிக்கை மணி அடித்தது. அந்தப் பெண்களுக்கு என்ன கிடைத்தது? தொற்று இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் காப்பகத்திலேயே பூட்டி வைக்கப்பட்டார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, 1990-இல்தான் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. ரத்தம் கொடுத்தவர்களுக்கு மருந்துக்கு முன்னால் பூட்டுதான் வந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

அடுத்த காட்சி நாமக்கல். லாரி, டேங்கர், போர்வெல் வண்டிகளுக்குப் பேர் போன ஊர். நாடு முழுக்க ஓடும் வண்டிகளோடு தொற்றும் வந்தது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு மாவட்டங்களைத் தரம் பிரித்தபோது, கர்ப்பிணிகளிடம் தொற்று 1 சதவீதத்தைத் தாண்டிய முதல் வகையில் நாமக்கல்லும் இருந்தது. கர்ப்பிணிகள் என்றால் யார்? பெரும்பாலும் கணவனைத் தவிர வேறு ஆணை அறியாத குடும்பப் பெண்கள். நாமக்கல் பகுதியைச் சேர்ந்த பி. கௌசல்யா தன் கணவர் வழியாக வந்த தொற்றைப் பற்றி முகத்தை மறைக்காமல் பேசினார். 1998-இல் தொற்றோடு வாழும் பெண்களுக்கான கூட்டமைப்பைத் தோழிகளோடு சேர்ந்து தொடங்கினார்.

அன்று அரசு கொடுத்த ஒரே தடுப்புக் கருவி ஆணுறை. ஆணுறை போடுவதா வேண்டாமா என்பதை ஆண்தான் முடிவு செய்கிறான். பெண் கேட்டால் அடி, இல்லையென்றால் சந்தேகம். பிரெப் மாத்திரையின் அரசியல் இங்கேதான் இருக்கிறது. அதை ஒரு பெண் யாரிடமும் அனுமதி கேட்காமல் விழுங்கலாம்.

இனி விலையின் கதை. இந்தியாவின் 1970 காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை, தயாரிப்பு முறைக்கு மட்டுமே தந்தது. அதனால்தான் 2001-இல் சிப்லா நிறுவனம் எச்.ஐ.வி. கூட்டு மருந்தை நாளொன்றுக்கு 1 டாலருக்கும் குறைவாகத் தர முடிந்தது. அதற்கு முன் அதே சிகிச்சைக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் ஆனது. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியது. முதல் மையங்களில் ஒன்று தாம்பரம் மருத்துவமனை.

உலக வர்த்தக நிறுவனத்தின் நெருக்கடியில் 2005-இல் சட்டம் மாறி, பொருளுக்கும் காப்புரிமை வந்தது. கிலியட் நிறுவனம் டெனோபோவிருக்குக் காப்புரிமை கேட்டது. 2006-இல் அதை எதிர்த்து மனு கொடுத்தவர்களில் தொற்றோடு வாழ்பவர்களே இருந்தார்கள். 1997-இல் சென்னையில் உருவான இந்திய எச்.ஐ.வி. உள்ளோர் கூட்டமைப்பு அவர்களில் ஒன்று. 2009-இல் காப்புரிமை அலுவலகம் கிலியட்டின் விண்ணப்பத்தை நிராகரித்தது. தோழர்களே, பிரெப் மாத்திரையின் பாதி அந்த டெனோபோவிர்தான். இன்று அதை இந்தியக் கம்பெனிகள் மலிவாகத் தயாரிப்பதில் நோயாளிகள் நடத்திய இந்தப் போராட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

2012 ஜூலையில் அமெரிக்கா இந்த மாத்திரையைத் தடுப்பு மருந்தாக அங்கீகரித்தது. ஆபத்தில் இருக்கும் எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று 2015-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. இந்தியாவில் அதைச் செய்து காட்டியதும் பாலியல் தொழிலாளர்களே. மைசூரு அசோதயா சமிதியும் கொல்கத்தா சோனாகாச்சியின் துர்பார் அமைப்பும் தலா அறுநூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாத்திரை கொடுத்தன. சக தொழிலாளிகளே வீடு வீடாகப் போய் நினைவூட்டினார்கள். மாத்திரை எடுத்தவர்களில் ஒருவருக்கும் புதிதாகத் தொற்று பதிவாகவில்லை. ஆனாலும் நம் நாட்டில் பிரெப் பெரும்பாலும் பெருநகரத்துத் தனியார் மருத்துவரின் சீட்டோடு காசு கொடுத்து வாங்கும் பொருளாகவே இருக்கிறது.

வேறு நாடுகள் மருந்துக் கடையையே வாசலாக்கின. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2014-இல் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநரே பரிசோதித்து பிரெப் கொடுக்கத் தொடங்கினார். மருத்துவர் சீட்டு இல்லாமலே குறிப்பிட்ட நாட்களுக்கான மாத்திரையை மருந்தாளுநர் தரலாம் என்று கலிபோர்னியா 2019-இல் சட்டம் போட்டது. கென்யாவில் தெருவோரத் தனியார் மருந்துக் கடைகளிலேயே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கக் கூச்சப்பட்டவர்கள் கடைக்கு வந்தார்கள்.

'இது நம் ஊருக்குச் சரிவராது' என்பவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்வோம். 1968-இல் இந்திய அரசு நிரோத் ஆணுறையை 3-க்கு 15 பைசா என்று விற்றது. அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் தேயிலை, சோப்பு, சிகரெட், பேட்டரி விற்ற கம்பெனிகள். பெட்டிக் கடை வரைக்கும் நிரோத் போனது. ஏன்? ஏழைகள் பெற்றுக்கொள்ளும் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைக்க அரசு விரும்பியது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. 2025 பிப்ரவரியில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. அரசு விரும்பினால் மாத்திரை எந்த வாசலுக்கும் வரும்.

அப்படியானால் ஆலத்தூர் நாட்டுக்கு என்ன வேண்டும்? காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். கூலியை விட்டு, பஸ்ஸைப் பிடித்து, மாவட்டத் தலைநகருக்குப் போய், என்ன காரணம் என்று வீட்டில் பொய் சொல்லி, அங்கே வரிசையில் நிற்க வேண்டும். வன்முறைக்கு ஆளான ஒரு பெண்ணுக்கு 72 மணி நேரம் இதிலேயே கரைந்துவிடும். பிழைப்புக்காக மாதக்கணக்கில் கீழே இருந்துவிட்டு வரும் கணவனின் மனைவி, தனக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தப் பயணத்தைச் செய்வாளா?

மலையில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்குச் சரக்கு அனுப்பினால் மட்டும் போதாது என்பதும் நமக்குத் தெரியும். சின்ன ஊரில் கடைக்காரருக்கு எல்லோரையும் தெரியும். யார் என்ன மாத்திரை வாங்கினார்கள் என்பது பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் பரவும். கடைக்காரரின் சாதி ஒன்று, வாங்குபவரின் சாதி ஒன்று என்றால் அந்த ரகசியம் ஆயுதமாகும். மருத்துவ விதிகளும் உண்டு. பிரெப் தொடங்கும் முன் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம். ஏற்கெனவே தொற்று உள்ளவருக்கு இந்த இரண்டு மருந்து மட்டும் போதாது, கிருமி மருந்துக்குப் பழகிவிடும். சிறுநீரகத்தையும் மஞ்சள் காமாலை பி கிருமியையும் பார்க்க வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெப் மாத்திரையின் முதல் சில நாள் அளவாவது எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். பயிற்சி பெற்ற மருந்தாளுநர்கள், நம்பிக்கை மையத்தின் மேற்பார்வையில், பரிசோதனைக்குப் பிறகு பிரெப் தருவதற்கு விதிகளைத் திருத்த வேண்டும். மாத்திரை இலவசமாக, பெயர் தெரியாத சாதாரண உறையில் தரப்பட வேண்டும். மலையாளி சமூகத்துப் பெண்களையே சம்பளம் கொடுத்து ஆலோசகர்களாக அமர்த்த வேண்டும். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டம் சம்மதமில்லாத பரிசோதனையையும், ரகசியத்தை வெளியிடுவதையும், பாகுபாட்டையும் தடை செய்கிறது. அந்தச் சட்டம் மருந்துக் கடைக் கவுண்டர் வரைக்கும் வர வேண்டும்.

புதிய மருந்து ஒன்றும் வந்துகொண்டிருக்கிறது. லெனகாபவிர் என்ற ஊசி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் போதும். 2025 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது அதன் விலை ஆண்டுக்கு 28,000 டாலருக்கு மேல். இந்தியக் கம்பெனிகள் அதையே 2027 முதல் ஆண்டுக்கு சுமார் 40 டாலருக்குத் தரப்போவதாக அறிவிப்பு வந்திருக்கிறது. ஹைதராபாத்தில் தயாராகும் ஊசி ஆப்பிரிக்கா வரைக்கும் போகும். கொல்லிமலைக்கு வருமா என்று நாம் இப்போதே கேட்க வேண்டும்.

மகாத் நகராட்சி சௌதார் குளத்தை எல்லோருக்கும் பொது என்று 1924-லேயே தீர்மானம் போட்டது. ஆனால் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் திரண்டு போய் அள்ளிக் குடிக்கும் வரை அந்தத் தண்ணீர் தலித்துகளுக்கு இல்லை. மருந்தும் இன்று தீர்மானத்தில்தான் பொதுவாக இருக்கிறது. சட்டம் படிக்கும் தோழர்கள், பார்மசி படிக்கும் தோழர்கள், நர்சிங் படிக்கும் தோழர்கள் முதலில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெப் மருந்து இருப்பில் இருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். வரும் பதிலைக் கிராம சபையில் எல்லோர் முன்னாலும் வாசியுங்கள்.