மஞ்சள் அட்டையிலிருந்து க்யூ.டபிள்யூ. வரை

கட்டுரை கேட்டு மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது, "ஹாஸ்டல் மெஸ்ஸைப் பத்தி மட்டும் வேண்டாம் சார், அதை ஏற்கெனவே ஆறு பேர் எழுதிக் கொடுத்துட்டாங்க" என்றார் பேசிய தம்பி. நியாயந்தான். ஆகவே எனக்கு முப்பது வருஷம் சோறு போட்ட மெயின்ஃபிரேம் கம்ப்யூட்டரின் சரித்திரத்தில் ஒரு சின்ன மூலையை எழுதுகிறேன். இயந்திரத்தின் சரித்திரம் அல்ல. இயந்திரம் கோபித்துக்கொண்டு ஒரு எண்ணைக் காட்டினால், அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் எங்கே போய்ப் பார்த்தோம் என்பதன் சரித்திரம். இதில் என் தவறு ஒன்றும் வருகிறது. கால் நூற்றாண்டு கடந்துவிட்டதால் இனிச் சொல்லலாம்.

நான் பி.எஸ்ஸி. கணிதம், 1976–79 செட். இரண்டாம் வருஷத்தில் நியூமரிக்கல் மெதட்ஸ் எடுத்த நம் பேராசிரியர் (யாரென்று பழைய மாணவர்களுக்குத் தெரியும்) ஒருநாள் வகுப்புக்கு நீளமாக மடித்த மஞ்சள் அட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். கிண்டி ஐ.ஐ.டி.யில் அப்போது ஐ.பி.எம். 370/155 இருந்தது. அங்கே போனவர் யாரிடமோ கேட்டு வாங்கி வந்திருக்கிறார். விசிறி மாதிரி பிரித்துக் காட்டினார். பொடி எழுத்தில் அட்டவணை, அட்டவணையாக. "என்ன சார் இது, பஸ் ரூட்டா?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். "நம்ம வீட்டுல பஞ்சாங்கம் இருக்கில்லே, அந்த மெஷின்காரனுக்கு இதுதான் பஞ்சாங்கம்" என்றார். அந்த பெஞ்சில் நானும் இருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பிற்பாடுதான் அதன் பூர்வீகம் தெரிந்தது. 1964 ஏப்ரல் 7-ஆம் தேதி ஐ.பி.எம். தனது சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தது. அதற்கு வந்தது பச்சை அட்டை. 1970-ல் அறிவித்த 370-க்கு மஞ்சள் அட்டை. இயந்திரத்தின் கட்டளைகள், அவற்றின் பதினாறடிமான எண்கள், எழுத்துகளுக்கான குறியீட்டு அட்டவணை எல்லாம் அதில் அடங்கியிருக்கும். புரோகிராமரின் சட்டைப் பையில் பேனா இல்லாமல் இருந்தாலும் இருக்கும், அட்டை இல்லாமல் இராது.

ஆனால் அட்டை சொல்வது இயந்திரத்தின் பாஷை. அதன்மேல் ஓடும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் பேசுவது வேறு பாஷை. அதன் செய்திகள் ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றுக்கும் ஒரு குலப்பெயர் உண்டு. ஐ.இ.எஃப். என்று தொடங்கினால் வேலைகளை வரிசைப்படுத்தும் பகுதி பேசுகிறது. ஐ.இ.சி. என்றால் கோப்புகளைக் கவனிக்கும் பகுதி. ஐ.சி.எச். என்றால் வாசலில் நிற்கும் காவல்காரன், அதாவது ராக்எஃப் என்ற பாதுகாப்பு மென்பொருள். கடைசி எழுத்து 'ஐ' என்றால் சும்மா தகவல். 'ஏ' என்றால் நீ ஏதாவது செய்தாக வேண்டும். புரோகிராம் நட்டாற்றில் நின்றுபோனால் அதற்குப் பெயர் அபெண்டு. அதற்கும் எண் உண்டு. எஸ்0சி7 என்றால் எண் இருக்க வேண்டிய இடத்தில் குப்பை இருக்கிறது என்று பொருள். அந்த 7 வானத்திலிருந்து குதித்ததல்ல. இயந்திரத்தின் குறுக்கீட்டு எண் ஏழு, 'டேட்டா எக்ஸெப்ஷன்'. எஸ்322 என்றால் கொடுத்த நேரம் தீர்ந்தது. பி37 என்றால் எழுதிக்கொண்டிருந்த கோப்புக்கு டிஸ்க்கில் இடம் தீர்ந்தது. இந்த பி37-ஐ நண்பர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவும், திரும்பி வரும்.

இவற்றுக்கெல்லாம் விளக்கம் இருந்தது மெசேஜஸ், கோட்ஸ் என்ற தடித்தடியான பைண்டர்களில். 1995-ல் நான் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்தபோது, கன்சோலுக்குப் பின்னால் ஒரு சுவர் முழுக்க அவைதான். பக்கங்களைக் கழற்றி மாட்டலாம். ஐ.பி.எம். எதையாவது திருத்தினால் புத்தகம் முழுவதையும் அனுப்பாது. டெக்னிக்கல் நியூஸ்லெட்டர் என்ற பெயரில் மாறிய பக்கங்கள் மட்டும் வரும். பழைய பக்கத்தை உருவி எறிந்துவிட்டுப் புதியதைச் செருக வேண்டும். எந்த வரி மாறியது என்பதற்கு ஓரத்தில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு இருக்கும்.

அங்கே இரவு ஷிப்டுக்குத் தலைவராக ஒரு பெரியவர் இருந்தார். 360 காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர். புதுப் பக்கங்கள் வந்தால் உடனே செருக மாட்டார். பழைய பக்கத்தின் ஓரத்தில் தன் கையால் எழுதிய குறிப்புகளைப் புதுப் பக்கத்தின் ஓரத்தில் ஒவ்வொன்றாக எழுதி முடித்த பிறகுதான் பழையதைக் கழற்றுவார். கோயில் கணக்கப்பிள்ளை பழைய பேரேட்டிலிருந்து புதுப் பேரேட்டுக்குப் பாக்கி எடுத்து எழுதுவாரே, அதே பொறுமை. சாதாரணக் குறிப்புக்கு நீல மை, ஆபத்தானதற்குச் சிவப்பு. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுஷரா என்று நினைத்தேன்.

ஏனென்றால் அதற்குள் புத்தகங்கள் திரைக்கு வரத் தொடங்கியிருந்தன. ஐ.பி.எம். தன் கையேடுகளை புக்மேனேஜர் என்ற மென்பொருளில் படிக்கும்படி சி.டி.யில் தந்தது. அதிலும் 'புத்தகம்', 'அலமாரி' என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் மனசைக் கெடுத்தது வேறொன்று: எம்.வி.எஸ்./குயிக்ரெஃப். சிகாகோ-சாஃப்ட் என்ற கம்பெனியின் சரக்கு. திரையில் பிழைச் செய்தி தெரிகிறதா? கர்சரை அதன்மேல் வைத்து, க்யூ.டபிள்யூ. என்ற கட்டளைக்கு ஒதுக்கிய விசையைத் தட்டினால் போதும், விளக்கம் வந்து நிற்கும். ஐ.பி.எம். மட்டுமல்ல, மற்ற கம்பெனி மென்பொருள்களின் செய்திகளுக்கும் வரும். எழுந்து சுவர் வரைக்கும் நடக்க வேண்டியதில்லை.

1997-ல் அதை எங்கள் சிஸ்டத்தில் நிறுவும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. டேப்பில் இருந்ததை இறக்கினேன். புரோகிராமை எல்லாரும் பயன்படுத்தும் பொது லைப்ரரியில் வைத்தேன். என் டெர்மினலில் ஜம்மென்று வேலை செய்தது. கூட வேலை பார்த்த கும்பகோணத்துக்காரர் ஒருவர் தன் இடத்திலிருந்து தட்டினார். வந்தது ஒரு செய்தி: ஐ.கே.ஜே.56500ஐ.

"சார், இதுக்கு என்ன அர்த்தம்?"

"க்யூ.டபிள்யூ. போட்டுப் பாருங்க."

"போட்டுத்தானே சார் இது வந்திருக்கு!"

'அப்படி ஒரு கட்டளை காணோம்' என்பதே அதன் அர்த்தம். அர்த்தம் சொல்லும் கருவியைக் காணோம் என்று சொல்லும் செய்திக்கு அர்த்தம் தெரிய, கடைசியில் சுவர்ப் பக்கம் நடந்துபோய்ப் பைண்டரைத்தான் புரட்டினோம். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. காபியை உறிஞ்சியபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

காரணம் இதுதான். என் லாகான் புரொசீஜரில், சோதனைக்காக, அந்த லைப்ரரியை நேரே சேர்த்திருந்தேன். ஆகவே எனக்குக் கிடைத்தது. மற்றவர்களுக்குப் பொது வழியில்தான் தேடும். பொது வழியில் எல்.எல்.ஏ. என்று ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு தடவையும் டிஸ்க்கில் தேடாமலிருக்க, லைப்ரரிகளின் உள்ளடக்கப் பட்டியலை நினைவகத்தில் பிரதி வைத்திருப்பார். நான் புதிதாக வைத்த புரோகிராம் டிஸ்க்கில் இருக்கிறது, அவருடைய பட்டியலில் இல்லை. பட்டியலைப் புதுப்பிக்கும்படி கன்சோலில் ஒரு வரி அடித்ததும் எல்லாருக்கும் கிடைத்தது. மறுநாள் ஐ.சி.எச்.408ஐ, அதாவது விளக்கங்கள் இருக்கும் கோப்பைப் படிக்க அனுமதி இல்லை. ராக்எஃப்-ல் எல்லாருக்கும் படிக்கும் உரிமை கொடுத்துத் தீர்த்தோம்.

மூன்றாவதுதான் பொல்லாதது, ஏனென்றால் எந்தப் பிழையும் தெரியவில்லை. விளக்கம் அழகாகவே வந்தது, ஆனால் பழைய பதிப்பின் விளக்கம். சில லாகான் புரொசீஜர்களில் நான் சோதித்த காலத்துக் கோப்பின் பெயர் ஒரு டி.டி. வரியில் அப்படியே தங்கியிருந்தது. அங்கிருந்து நுழைந்தவர்களுக்கு, புதிய ரிலீஸில் சேர்ந்த காரண எண்கள் பட்டியலிலேயே இல்லை. இல்லாத எண்ணை எந்தப் புண்ணியவானும் சந்தேகிக்க மாட்டான்; தன் புரோகிராமைத்தான் சந்தேகிப்பான். ஒருவர் இரண்டு நாள் அப்படிச் சந்தேகித்தார். இன்றைக்கும் மாணவர்கள் யாராவது என்னிடம் கேட்டால், முதலில் விளக்கத்தைப் படிக்காதே, அது எந்தப் பதிப்பு என்று பார் என்றுதான் சொல்வேன்.

அந்த வருஷக் கடைசியில் பெரியவர் ஓய்வு பெற்றார். 1998 வசந்த காலத்தில் கன்சோல் அறையைச் சுருக்கினார்கள். சுவர் முழுக்கப் பைண்டர் எதற்கு, திரையிலேயே எல்லாம் இருக்கிறதே என்று மேலிடத்தில் கேட்டார்கள். தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். ஓரத்தில் சிவப்பு மை இருந்ததெல்லாம் எனக்குத் தெரியும். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

1999 ஜனவரியில் ஓர் இரவு, பிரீமியம் கணக்குப் போடும் ஜாப் நின்றது. பி37. கர்சரை வைத்துத் தட்டினேன். விளக்கம் வந்தது: கோப்புக்கு இடம் போதவில்லை, கூடுதலாகக் கேட்டு மறுபடி ஓட்டவும். அட்சரம் பிசகாமல் சரியான விளக்கம், சரியான பதிப்பு. இடத்தைக் கூட்டி, நின்ற ஸ்டெப்பையே மறுபடி ஓட்டினேன். பத்து நிமிஷத்தில் முடிந்தது. நிம்மதியாக உட்கார்ந்தேன்.

விடிகாலையில் கூட்டுத்தொகை சரிபார்க்கும் ரிப்போர்ட் வந்தது. இடித்தது. அந்த ஸ்டெப் இரண்டு வேலை செய்யும்: ரிப்போர்ட்டுக்கான கோப்பையும் எழுதும், மாஸ்டர் கோப்பில் பாலிசிதாரர் கணக்கையும் அந்த இடத்திலேயே திருத்தும். இடம் தீர்ந்தது ரிப்போர்ட் கோப்புக்கு. அதற்குள் மாஸ்டரில் பாதிப் பேருக்குப் பிரீமியம் ஏறிவிட்டது. நான் மறுபடி ஓட்டியதில் அந்தப் பாதிப் பேருக்கு இரண்டாம் தடவையும் ஏறியது. காலை எட்டு மணிக்கு இந்தத் தொகைகளோடு பில் அச்சாகத் தொடங்கும்.

ஐந்தரை மணிக்குப் பெரியவர் வீட்டுக்குப் போன் செய்தேன். கோபிக்கவில்லை. "பி37-ஆ? பில்லிங்கா?" என்று இரண்டே கேள்வி. பிறகு, "அந்தப் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பில் எழுதியிருந்தேனே, அந்த ஸ்டெப்பைத் திருப்பி ஓட்டாதே, இரண்டாம் ஸ்டெப் எடுத்த நகலிலிருந்து முதலில் மாஸ்டரை மீட்டெடு என்று" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. பைண்டர் எங்கே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

நகலிலிருந்து மீட்டு, முறையாக ஓட்டி, ஏழே முக்காலுக்கு முடித்தோம். கூட்டுத்தொகை பொருந்தியது. மேலதிகாரியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன், பைண்டர் விஷயம் உட்பட.

குயிக்ரெஃப்பில் ஒரு வசதி இருந்தது. கம்பெனி தரும் விளக்கங்கள் ஒரு கோப்பு என்றால், நம் இடத்துக்கு வேண்டிய விளக்கங்களை நாமே எழுதித் தனிக்கோப்பாக வைத்துக்கொள்ளலாம். புதுப் பதிப்பு வந்து அவர்கள் கோப்பு மாறினாலும் நம்முடையது அப்படியே இருக்கும். நிறுவும்போதே அந்த அத்தியாயத்தைப் படித்தேன்; நமக்கெதற்கு என்று தாண்டிவிட்டேன். பெரியவர் முப்பது வருஷமாகப் பேனாவால் செய்ததைத்தான் அந்த அத்தியாயம் சொல்கிறது என்பது அப்போது உறைக்கவில்லை.

நிர்வாகம் அவரைச் சில நாள் கூலி கொடுத்துக் கூப்பிட்டது. அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். ஞாபகத்திலிருந்து சொன்னதால் எல்லாம் திரும்பவில்லை. "இந்தப் பக்கத்தில் ஏதோ எழுதியிருந்தேன், என்னவென்று வரமாட்டேன் என்கிறது" என்று பல இடத்தில் நிறுத்தினார். அந்த இடங்களை நானும் வெறுமையாகவே விட்டேன்.

பின்னாளில் ஐ.பி.எம்.மே லுக்அட் என்று செய்தி தேடும் வசதி ஒன்றை நடத்தியது. அதுவும் போய்விட்டது, புக்மேனேஜரும் போய்விட்டது. இப்போது விளக்கமெல்லாம் இணையத்தில்.

கடைசி நாள் ஐ.கே.ஜே.56500ஐ என்ற பதிவுக்கு வந்தோம். என்ன எழுதலாம் என்று கேட்டேன். பெரியவர் சிரித்துவிட்டு, இதை மட்டும் கருவிக்குள் போடாதே என்றார். ஒரு அட்டையை எடுத்து, எல்.எல்.ஏ.வைப் புதுப்பிக்கும் அந்த ஒரு வரியைச் சிவப்பு மையில் எழுதி, கன்சோலின் பக்கவாட்டில் டேப் போட்டு ஒட்டினார். 2004-ல் நான் அந்த நிறுவனத்தை விட்டு வந்தபோது சிவப்பு வெளிறி ரோஸ் ஆகியிருந்தது, ஆனால் எழுத்து தெரிந்தது.