மறைந்துபோன ‘டு லெட்’ பலகை

சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் தஞ்சாவூர், திருநெல்வேலி, பாலக்காட்டுப் பக்கங்களிலிருந்து தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறிய இளைஞர்கள், உத்தியோகம் நிலைத்துக் கல்யாணமும் ஆனபின்பு, சொந்த வீடு என்ற நினைப்பை ஊரிலிருந்த பூர்விக வீட்டோடு நிறுத்திக்கொண்டு, பம்பாயில் வாடகைக்கு நல்ல இடம் எது என்பதையே விசாரித்தார்கள். வாடகை வீட்டில் ஆயுள் முழுவதும் இருப்பதை அக்காலத்தில் ஒருவரும் குறைவாகக் கருதியதில்லை. வக்கீல்களும் டாக்டர்களும்கூட மரீன் டிரைவின் புதிய மாளிகைகளில் வாடகைக்கே குடியிருந்தார்கள்.

அவர்களில் பெரும்பாலோர் சென்று சேர்ந்த இடம் மாடுங்கா. அந்தப் பேட்டை உண்டானதற்கு மூலகாரணம் ஒரு கொள்ளைநோய். 1896-ல் மாண்ட்வி வட்டாரத்தில் தலைகாட்டிய பிளேக், காற்றும் வெளிச்சமும் புகாத சந்துகளில் ஜனங்கள் அடைந்து கிடந்த நிலையை உலகத்துக்கு அம்பலப்படுத்தியது. அதன் விளைவாக 1898-ல் ஏற்பட்ட ‘பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட்’, நகரத்தின் நடுவே நெரிசலை உடைத்துச் சாலைகள் போட்டதோடு, வடக்கே தாதர், மாடுங்கா, சயான் பகுதிகளில் நிலத்தை எடுத்து, மனைகளாக வகுத்து, நிலத்தின் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு குத்தகைக்கு விட்டது. குத்தகைக்கு எடுத்தவர்கள் மூன்று நான்கு மாடிக் கட்டடங்களை எழுப்பி, வாசலில் ‘டு லெட்’ என்று பலகை மாட்டினார்கள்.

அந்தக் கட்டடங்களில் கிடைத்தது ‘பிளாக்’ என்று நம்மவர்கள் அழைத்த தனி வீடு. அதன் அருமை, சாலில் குடியிருந்தவர்களுக்கே தெரியும். சால் என்பது நீண்ட தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அமைந்த ஒற்றை அறைகள்; குழாயும் கக்கூஸும் தாழ்வாரத்தின் கோடியில் எல்லோருக்கும் பொது. 1920-களில் சர்க்காரின் அபிவிருத்தி இலாகா வொர்லி, நைகாம், டிலைல் ரோடு, சிவ்ரி ஆகிய இடங்களில் தொழிலாளிகளுக்காகக் கட்டிய 207 கட்டடங்களிலும் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 160 சதுர அடி அறை ஒன்றுதான். மாடுங்காவின் பிளாக்கிலோ சமையலறை, குளியலறை, கக்கூஸ் யாவும் ஒரே கதவுக்குள் அடங்கியிருந்தன. இது சௌகரியம் என்றாலும் ஆசாரமுள்ள குடும்பங்களுக்குச் சஞ்சலமும் ஆயிற்று: கொல்லையின் கோடியில் இருக்க வேண்டிய கக்கூஸ், அடுப்புக்குப் பத்தடி தூரத்தில் வந்து உட்கார்ந்துவிட்டதே! ஆயினும் அன்னியரோடு பங்கிட்டுக்கொள்வதைக் காட்டிலும் இது மேல் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார்கள். 1923-ல் ஆஸ்திக சமாஜமும் 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும் தோன்றிய பிறகு, ஊரிலிருந்து புதிதாக வந்தவருக்கு எங்கே குடியிருப்பது என்ற கேள்வியே எழவில்லை. ரயில் நிலையம், பள்ளிக்கூடம், கோயில், காப்பிப்பொடிக் கடை ஆகிய எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இருந்தன.

சொந்தமும் வாடகையும் அல்லாத மூன்றாவது வழியைக் கண்டவர்களும் அந்நகரத்தில் இருந்தார்கள். 1915-ல் ஸ்ரீபாத் சுப்பராவ் தல்மாகி என்பவரின் முயற்சியால் காம்தேவியில் சரஸ்வத் சமூகத்தார் அமைத்த கூட்டுறவுச் சங்கத்தில், கட்டடம் சங்கத்தின் சொத்து. அங்கத்தினர் பங்கு வாங்கி, தங்கள் சங்கத்துக்கே வாடகை செலுத்திக் குடியிருந்தார்கள். லாபத்துக்காக வாடகையை உயர்த்துபவரும் இல்லை, கிளப்பிவிடுபவரும் இல்லை. இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை நான் அறியேன்; இது பெருகாமற்போனது அந்நகரத்தின் துரதிருஷ்டமே.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது வீட்டுக்குப் பஞ்சம் வந்தது. குடித்தனக்காரர்களைக் காக்கும் நல்லெண்ணத்தோடு இயற்றப்பட்ட 1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம், 1940 செப்டம்பர் முதல் தேதியன்று இருந்த வாடகையையே அளவுகோலாக வைத்து நிறுத்தியது. அச்சட்டம் இல்லாவிடில் பல்லாயிரம் குடும்பங்கள் தெருவுக்கு வந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் விலைவாசி பல மடங்கு ஏறிய பின்பும் வாடகை அசையாமல் நின்றபடியால், சொந்தக்காரர் கூரை ஒழுகினாலும் கவனிக்கவில்லை. வாடகைக்கு விடுவதற்கென்று புதிதாகக் கட்டடம் கட்டவும் ஒருவரும் முன்வரவில்லை. வீடு மாறுவோர் ‘பகடி’ என்ற பெயரில் ரகசியமாகப் பெருந்தொகை கைமாற்றும் வழக்கம் வேரூன்றியது. 1999-ஆம் ஆண்டின் சட்டம் அதை அங்கீகரிக்கும்வரை, அது குற்றமாகவே இருந்தும் ஊரறிய நடந்தது. ‘டு லெட்’ பலகைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

சொத்தின்மேல் ஆசை வந்து பம்பாய்க்காரர் வீடு வாங்கத் தொடங்கினார் என்று சொல்வது சரியன்று. வாடகைக்கு இடமில்லாததால் வாங்கினார் என்பதே உண்மை. பிராவிடண்ட் பண்டைக் கரைத்தும், மனைவியின் நகைகளை விற்றும் அவர் கொடுத்த முன்பணத்தைப் பெற்றுக்கொண்டு, கட்டடத்தை அரைகுறையாக விட்டவர்களின் அக்கிரமம் பொறுக்கமாட்டாமல் 1963-ல் ‘ஓனர்ஷிப் பிளாட்’ சட்டம் பிறந்தது. எழுத்து மூலமான ஒப்பந்தமின்றி முன்பணம் வாங்கலாகாது, வீடு வாங்கியவர்களைச் சங்கமாக்கி நிலத்தை அதன் பெயருக்கு எழுதிக்கொடுக்க வேண்டும் என்பன அதன் முக்கிய விதிகள்.

எங்கே வாங்குவது என்பதை நிர்ணயித்தது ரயில் பாதை. மாடுங்காவில் வாங்க வசதியில்லாத பிள்ளைகள் செம்பூருக்கும், அங்கும் விலை ஏறியபின் முலுண்டு, டோம்பிவிலிக்கும், 1992-ல் கடற்கழியைக் கடந்து ரயில் போகத் தொடங்கியதும் வாஷிக்கும் நகர்ந்தார்கள். விலையில் மிச்சம் பிடித்ததைத் தினந்தோறும் கூட்ட நெரிசலில் தொங்கிக்கொண்டு செய்த பிரயாணத்தில் செலுத்தினார்கள்.

1963-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிப்படி, சங்கம் அமைந்த நான்கு மாதத்துக்குள் நிலம் அதன் பெயருக்கு வந்தாக வேண்டும். வராத சங்கங்கள் மிகப் பலவாக இருந்தபடியால்தான் 2008-ல் சட்டத்தைத் திருத்தி, கட்டியவர் கையெழுத்திட மறுத்தாலும் அதிகாரியே நிலத்தை மாற்றிக்கொடுக்க வழி செய்தார்கள். ஆகவே, அந்நகரத்தில் வீடு வாங்கப் புறப்படும் நண்பர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: எத்தனை சதுர அடி, எந்த ஸ்டேஷனுக்குப் பக்கம் என்று கேட்பதற்கு முன்னால், கட்டடத்தின் கீழே இருக்கும் மனை இன்றைக்கு யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள், பத்திரத்தைக் கண்ணால் பார்த்த பிறகே முன்பணத்தைக் கொடுங்கள்.