முத்தோரையில் ஒரு கம்பிப் பந்தல்

சுருளிப்பட்டிக்காரர் ஒருவரை ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரைக்குக் கூட்டிப்போனால், "யாரப்பா மலைச்சரிவில் இவ்வளவு நீளத்துக்குப் பந்தல் போட்டது?" என்றுதான் கேட்பார். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பன்னீர் திராட்சையைப் படரவிட்ட கண்ணுக்கு வேறெப்படித் தோன்றும்? முத்தோரையிலும் கம்பிதான். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1100 எவர்சில்வர் கம்பிகள். வானத்து ரேடியோ அலைகளுக்காகப் போட்ட பந்தல்.

போட்டவர் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப். அவருடைய பழைய காதல் சூரியன்.

சூரியனின் ரேடியோ இரைச்சல் அகப்பட்டதே போர்க்காலத்தில்தான். 1942 பிப்ரவரி 12-ல் பிரிட்டிஷ் ராடார்களைக் குழப்பிவிட்டு ஜெர்மன் போர்க்கப்பல்கள் ஆங்கிலக் கால்வாயைக் கடந்துபோயின. அதே மாதக் கடைசியில் ராடார்களில் மறுபடி பேரிரைச்சல். பதறிப்போனார்கள். விசாரித்த ஜே.எஸ். ஹே பார்த்தது வேறு: இரைச்சல் வரும் திசை சூரியனோடு சேர்ந்தே நகர்ந்தது, சூரியன் நடுவே பெரிய கரும்புள்ளிக் கூட்டம். போர் முடிந்து, 1946-ல்தான் இது வெளியே வந்தது.

ஸ்வரூப் 1956-ல் அமெரிக்காவின் டெக்சஸில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ரேடியோ நிலையத்தில் இருந்தார். சூரியன் வெடிக்கும்போது எலெக்ட்ரான்கள் மேலே பாயும். உயரப் போகப் போக பிளாஸ்மா அடர்த்தி குறையும். வரும் அலையின் அதிர்வெண்ணும் இறங்கிக்கொண்டே போய் மறையும். சில வெடிப்புகளில் மட்டும் இறங்கிய அதிர்வெண் திரும்ப ஏறியது. சின்னமனூரில் ஏறி மேகமலை போன பஸ் மறுபடி சின்னமனூருக்கே இறங்கிவருகிற மாதிரி, எலெக்ட்ரான்கள் வளைந்த காந்தப் பாதையில் போய் சூரியனுக்கே திரும்பியிருந்தன. ஆலன் மேக்ஸ்வெல்லோடு சேர்ந்து ஸ்வரூப் இதை அறிவித்தார். 'யு' வகை வெடிப்பு என்று பெயர்.

நாடு திரும்பியதும் 1965-ல் மும்பைக்கு அருகே கல்யாணில், ஆஸ்திரேலியா கொடுத்த ஆறடித் தட்டுகள் 32-ஐ வைத்துச் சூரியனைப் பார்த்தார். ஊட்டிப் பந்தல் 1970-ல் முடிந்தது. ஊட்டியின் அட்சரேகை 11 டிகிரி சொச்சம்; தெற்கிலிருந்து வடக்கே அதே அளவில் ஏறும் சரிவாகத் தேடிப்பிடித்தார்கள். பந்தலின் நீளவாட்டம் பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், ஒன்பதரை மணி நேரம் ஒரே இலக்கைத் தொடரலாம். நம் சுருளிப்பட்டிப் பக்கம் என்றால் 10 டிகிரிக்குச் சற்றே குறைந்த சரிவு தேவைப்பட்டிருக்கும்.

சந்திரன் மறைக்கும் தொலைதூர ரேடியோ மூலங்களை அளக்கத்தான் இதைக் கட்டினார்கள். ஆனால் சூரியன் விடவில்லை. அது உமிழும் பிளாஸ்மா குறுக்கே வந்தால், அந்தத் தூரத்து மூலங்கள் மினுக்கும். தார்ரோட்டுக் கானலுக்கு அப்பால் லாரி விளக்கு நடுங்குமே, அப்படி. அந்த மினுக்கலை அளந்தே, சூரியப்புயல் எங்கே வருகிறது, எவ்வளவு வேகம் என்று ஊட்டியில் கணக்கிடுகிறார்கள்.

கொடைக்கானலிலிருந்தும் சூரியனைப் பார்க்கிறார்கள்; அந்தக் கதை தனி. அதற்குப் பெரியகுளம் பக்கமிருந்து ஏற வேண்டும். அடுத்த வாரம் ஏறுவோம்.