மழை நாட்டில் தையல் நூல்

சப்பிரகமுவத் தேயிலை மலைகளிற் கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பிற் கட்டும் படங்கு கிழியுமுன், அதன் நாடாத் தையல் விட்டுப்போவதுண்டு. சரிவில் நிற்பவள் காலில் அது சிக்கினால் விளைவு சிறிதன்று. பழி தையற்காரர்மேல் விழும். பழிக்குரியதோ பெரும்பாலும் பருத்தி நூலே.

அந்நூலை வளர்த்தது போர். 1806இல் நெப்போலியன் விதித்த வணிகத் தடையால் பட்டு அருகிப்போகவே, ஸ்கொத்லாந்தின் பெயிஸ்லி நகரத்துக் கிளார்க் குடும்பத்தார் பருத்தியை முறுக்கித் தையல் நூலாக்கினர். 1812இல் ஆலையும் நிறுவினர். 1877இல் சிங்கர் நிறுவனம் இலங்கையில் வணிகம் தொடங்கியபோது இயந்திரத்துக்குத் துணை பருத்தி நூலே. ஆனால் இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றர் அளவில் மழை! ஈரத்திற் பூஞ்சணம் பருத்தியை அரித்துவிடும். என் இளமையில் எங்கள் லயத்துத் தையற்காரர் நூற்கட்டைகளைப் பிஸ்கற்றுத் தகரத்தில் அடைத்து, அடுப்படிப் பரணில் வைப்பார். தைக்குமுன் ஒரு முழம் இழுத்து அறுத்துப் பார்ப்பார். எளிதில் அறுந்தால், அந்தக் கட்டை நூலோட்டுவதற்கு மட்டுமே.

1938இல் அறிவிக்கப்பட்ட நைலோன் ஈரத்தில் உக்காது, வெயிலில் நலியும். 1941இல் இங்கிலாந்தில் வின்பீல்டும் டிக்சனும் கண்ட பொலியெஸ்டர் ஈரத்தைத் தாங்கும்; வெயிலையும் நைலோனைவிட நன்கு தாங்கும். இன்று படங்குக்கு அதுவே தகும். ஆயினும் கட்டையைச் சன்னலோரம் வைக்கவேண்டாம். தடித்த நூலுக்குத் தடித்த ஊசியும் வேண்டும். இல்லையேல் ஊசிக்காதிலேயே இழை பிரிந்துவிடும்.