முதலில் என்ன நடந்தது? சிறுவருக்குக் கதையின் ஒழுங்கைக் கற்பித்தல்

நேர்சரியால் வந்த நான்கு வயதுப் பிள்ளையிடம் "இன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டால், பெரும்பாலும் முடிவிலிருந்துதான் பதில் வரும். பென்சில் உடைந்தது முதலில் வரும். யார் எடுத்தார், ஏன் இழுபறி வந்தது என்பவை பிறகு, இடம் மாறி வரும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் புத்தகக் கடைகளில் விற்கும் முன்பள்ளிப் பயிற்சிப் புத்தகங்களில் "படங்களை ஒழுங்குபடுத்துக" என்ற பக்கங்கள் இருப்பது இதற்காகத்தான். பெற்றோர் பலர் இதைத் தரம் 1க்கான ஆயத்தமாக மட்டுமே பார்க்கின்றனர். ஆனால் இதன் தேவை பாடசாலையோடு முடிவதில்லை.

வயிற்றுவலி சாப்பிட முன் வந்ததா, பின் வந்ததா என்று வைத்தியர் கேட்கும்போது பிள்ளைக்கு இந்தத் திறன் வேண்டும். யாராவது அடித்தாலோ, தகாத முறையில் தொட்டாலோ, நடந்ததை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்வதற்கும் இதுவே வேண்டும்.

ஆய்வுகள் சொல்வது

சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ஜீன் பியாஜே, 1923இல் வெளிவந்த தமது நூலில், ஆறு முதல் எட்டு வயதுப் பிள்ளைகள் தாம் கேட்ட கதையை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லும் விதத்தை ஆராய்ந்தார். சிறியவர்கள் நிகழ்வுகளை முன்பின்னாகச் சொல்வதையும், காரணத்தையும் விளைவையும் இணைக்காமல் அடுக்கி வைப்பதையும் அவர் பதிவு செய்தார். சிறு பிள்ளைகளுக்கு ஒழுங்கு பிடிபடாது என்ற கருத்து அதன்பின் வலுப்பெற்றது.

பிற்கால ஆய்வுகள் அதைத் திருத்தின. ஜீன் மாண்ட்லரும் நான்சி ஜோன்சனும் 1977இல் வெளியிட்ட ஆய்வு, கதையின் அமைப்பே நினைவுக்குத் துணை செய்கிறது என்று காட்டியது. தெளிவான தொடக்கம், சிக்கல், முயற்சி, முடிவு உள்ள கதையைச் சிறு பிள்ளைகளும் பெருமளவு ஒழுங்காகவே நினைவில் வைத்திருக்கின்றனர். 1989இல் பற்றீசியா பவரும் மாண்ட்லரும் ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைகளைக் கொண்டு செய்த ஆய்வும் முக்கியமானது. ஒன்று நடந்தால்தான் மற்றது நடக்கும் என்ற தொடர்பு உள்ள செயல்களை அந்தக் குழந்தைகளே ஒழுங்காகச் செய்து காட்டின. தொடர்பற்ற செயல்களில் ஒழுங்கு அவ்வளவு தங்கவில்லை.

எனவே எந்தக் கதையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது பயிற்சியின் பாதி வேலை. பாட்டி வடை சுட்ட கதை காலங்காலமாக நிலைத்திருப்பதற்கும் இது ஒரு காரணம். பாட்டி வடை சுடாமல் காகம் எடுக்க முடியாது; காகம் வாய் திறக்காமல் வடை விழாது. மாறாக, "பூங்காவுக்குப் போனோம், ஊஞ்சல் ஆடினோம், ஐஸ்கிரீம் குடித்தோம்" என்ற கதையில் ஊஞ்சலையும் ஐஸ்கிரீமையும் இடம் மாற்றினாலும் பிழையில்லை. அதில் பிள்ளை தடுமாறினால் குறை பிள்ளையிடம் அல்ல.

தமிழ் தரும் துணையும் சிக்கலும்

ஒழுங்கைச் சொல்வதற்குத் தமிழின் வினையெச்சம் நல்ல கருவி. "மாவைக் குழைத்து, உரலில் போட்டு, தட்டில் பிழிந்து, அவித்து எடுத்தோம்" என்றால் இடியப்பத்தின் முழு வரிசையும் ஒரே வசனத்தில் வந்துவிடுகிறது. 'தங்கத் தாத்தா' எனப்படும் நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாடலை ஈழத்துப் பிள்ளைகள் தலைமுறைகளாகப் பாடி வருகின்றனர். பயறும் அரிசியும் படிப்படியாகப் பண்டமாவதை அது அதே முறையில் சொல்கிறது. பாடிய பின் "அரிசியை என்ன செய்தார்கள்? அதற்குப் பிறகு?" என்று கேட்டாலே நல்ல பயிற்சி.

சிக்கல் 'முதல்' என்ற சொல்லில் உண்டு. நமது பேச்சில் "சாப்பிட முதல் கை கழுவு" என்றால் கை கழுவுவதுதான் முதலில் நடக்க வேண்டும். ஆனால் 'சாப்பிட' முன்னால் கேட்கிறது; 'முதல்' என்ற சொல்லும் அதனோடே ஒட்டி வருகிறது. முதலில் காதில் விழுந்ததே முதலில் நடந்தது என்று சிறு பிள்ளைகள் எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை, ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடம் ஈவ் கிளார்க் 1971இல் ஆராய்ந்து காட்டினார். ஆகவே தொடக்கத்தில் "கை கழுவு, பிறகு சாப்பிடு" என்று நடக்கும் வரிசையிலேயே சொல்வது நல்லது. 'முன்', 'முதல்' என்பவற்றைப் பின்னர் அறிமுகப்படுத்தலாம்.

வீட்டிலும் வகுப்பிலும் செய்யக்கூடியவை

1. உடலால் தொடங்குக. பல் துலக்குவது, சப்பாத்துப் போடுவது போன்றவற்றைப் பிள்ளை நடித்துக் காட்டட்டும். சப்பாத்துக்குப் பிறகு மேசு போட முயன்றால் சிரிப்பு வரும், காரணமும் விளங்கும்.

2. முதலில் இரண்டு படங்கள், பிறகு மூன்று. தரம் 1 அளவில் நான்கு, ஐந்துக்குப் போகலாம்.

3. படம் அடுக்கும் திசையை அம்புக்குறியால் காட்டுக. மதரசாவில் அரபு படிக்கும் பிள்ளை வலமிருந்து இடமாக அடுக்கக்கூடும். பார்பரா ட்வெர்ஸ்கியும் சகாக்களும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், காலத்தை அடுக்கும் திசை எழுதும் திசையோடு தொடர்புபட்டிருப்பது தெரிந்தது. அத்தகைய அடுக்கைப் பிழை என்று வெட்டக்கூடாது.

4. அடுக்கிய பின் "ஏன் இது முன்னுக்கு?" என்று கேட்க வேண்டும். விடையை விட அந்தக் காரணமே முக்கியம்.

5. ஒரு படத்தை ஒளித்துவிட்டு, நடுவில் என்ன நடந்திருக்கும் என்று கேட்கலாம். முடிவை மட்டும் காட்டி முன்கதையைச் சொல்ல வைப்பது அதற்கடுத்த படி.

பல மொழிப் பிள்ளைகள்

கொழும்பில் வீட்டில் தமிழும் நேர்சரியில் ஆங்கிலமும் அயலில் சிங்களமும் கேட்டு வளரும் பிள்ளைகள் பலர். ஆங்கிலத்தில் கதை சொல்லத் திணறும் பிள்ளையை 'மந்தம்' என்று முடிவுகட்ட முன் ஒன்றைச் சோதிக்க வேண்டும். பேசாமல் படங்களைக் கையால் அடுக்கச் சொல்லுங்கள். சரியாக அடுக்கினால் ஒழுங்கு தெரிகிறது, சொல்தான் போதவில்லை. அதே கதையை அம்மம்மாவிடம் தமிழில் சொல்லவைத்தால் அது இன்னும் தெளிவாகும். ஒரு மொழியில் பிடிபட்ட கதையின் அமைப்பு மற்ற மொழிக்கும் உதவும்.

ஆறு, ஏழு வயதாகியும் அன்றாடச் செயலின் மூன்று படங்களை அடுக்க முடியாமலும், எந்த மொழியிலும் நடந்ததைச் சொல்ல முடியாமலும் இருந்தால், கேட்கும் திறனைச் சோதித்து, பேச்சுச் சிகிச்சையாளரிடம் காட்டுவது நல்லது.

கேட்கும் பெரியவர்களுக்கு

பிள்ளையின் கதை முன்பின்னாக வந்தால் அது பொய் என்று பொருளல்ல. பயந்த பிள்ளைக்கு ஒழுங்கு மேலும் குழம்பும். "அவன்தானே தள்ளினான்?" என்று விடையை நாமே ஊட்டாமல், "அதற்குப் பிறகு?", "அதற்கு முன் எங்கே நின்றாய்?" என்று கேட்டுப் பொறுத்திருக்க வேண்டும். சொல்வது துன்புறுத்தல் பற்றியதாக இருந்தால், வரிசையைத் திருத்திக்கொண்டிராமல், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.