டிலனாய், யூஸ்டேஷியஸ் பெனடிக்டஸ் (1715–1777)

திருவிதாங்கூர் படைத்தலைவர். ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் வந்து, குளச்சலில் சிறைப்பட்டு, பின்னர் தம்மைச் சிறைபிடித்த அரசுக்கே சாகும்வரை உழைத்தவர். கன்னியாகுமரி மாவட்டம் புலியூர்க்குறிச்சியில், உதயகிரிக் கோட்டைக்குள், தாம் வழிபட்ட ஆலயத்திலேயே மனைவி, மகனோடு அடக்கமாகியிருக்கிறார். ஊரார் அக்கோட்டையை டிலனாய் கோட்டை என்றே சொல்வார்கள்.

குளச்சல். மலபார் மிளகு வணிகத்தைத் தன் பிடியில் வைத்திருக்க ஒல்லாந்தர் கம்பெனி திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவோடு மோதியது. 1741இல் குளச்சலில் இறங்கிய அதன் படையைத் திருவிதாங்கூர்ப் படை வளைத்தது. முற்றுகைக்குள் இருந்த வெடிமருந்துப் பீப்பாய் ஒன்றில் குண்டு விழுந்து தீப்பற்ற, அரிசி இருப்பு எரிந்துபோயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் ஒல்லாந்தர் சரணடைந்தனர். சிறைப்பட்டவர்களில் டிலனாயும் ஒருவர்.

கோட்டையும் படையும். மார்த்தாண்ட வர்மா இவரிடம் முதலில் ஒப்படைத்தது வீரர் பயிற்சி. அணிவகுத்து நிற்பது, துப்பாக்கியை ஒரே சீராகச் சுடுவது, பீரங்கியைக் குறிபார்த்து இயக்குவது என்று ஐரோப்பிய முறையில் படை பழக்கப்பட்டது. பத்மநாபபுரம் அரண்மனைக்கு அருகே ஒரு குன்றைச் சுற்றி நின்ற பழைய மண்கோட்டையான உதயகிரி, இவர் மேற்பார்வையில் கருங்கல் மதிலாக எழுந்தது. சுமார் 90 ஏக்கரை வளைத்த அந்த மதிலுக்குள் பீரங்கி வார்க்கும் உலையும் இயங்கியது. குமரிக் கடற்கரை வட்டக்கோட்டையையும் இவரே திருத்திக் கட்டினார். அடுத்த அரசரான தர்மராஜா காலத்தில் வடக்கெல்லையில் எழுந்த நெடுங்கோட்டையிலும் இவர் கை உண்டு. 1789 இறுதியில் திப்பு சுல்தானின் முதல் தாக்குதலை அது தடுத்து நிறுத்தியபோது டிலனாய் உயிரோடில்லை. மக்கள் இவருக்கு வழங்கிய பெயர் வலிய கப்பித்தான்.

இல்லமும் ஆலயமும். கிறிஸ்தவரென்பதால் அரண்மனைக்குள் இவருக்கு நுழைவில்லை. அரசரின் படையையே நடத்தியவர் அரசரின் வீட்டுக்கு வெளியே வாழ்ந்தார். உதயகிரிதான் இவருக்கு வீடு. மனைவி மார்கரீட்டாவோடும் மகன் யோவானோடும் அங்கேயே குடியிருந்து, கோட்டைக்குள் எழுப்பிய சிற்றாலயத்தில் வழிபட்டார். யோவானும் தந்தையின் வழியில் படைக்குப் போய், 1765இல் களக்காட்டுப் போரில் இளம் வயதிலேயே மாண்டார்.

அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளை துன்பத்தில் இருந்தபோது யோபுவின் கதையைச் சொல்லித் தேற்றியவர் டிலனாய் என்பது திருச்சபை மரபு. பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயமானார். 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022 மே 15இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். டிலனாயின் வாழ்வில் எந்தப் போர் வெற்றியையும்விடப் பெரிய நிகழ்வு இந்த நட்பு.

கல்லறை. ஆலயத்துள் கிடக்கும் கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து உண்டு. லத்தீன் வாசகம் வழிப்போக்கரை நிற்கச் சொல்லித் தொடங்குகிறது. ஏறக்குறைய 37 ஆண்டுகள் அரசருக்குப் பணிபுரிந்ததையும், காயங்குளம் முதல் கொச்சி வரையுள்ள நாடுகளை ஆயுத வலிமையாலும் அச்சத்தாலும் பணியவைத்ததையும் சொல்கிறது. அப்போர்களை முன்னின்று நடத்திய தளவாய் ராமய்யனுக்கு அதில் இடமில்லை. குளச்சல் சிறையும் இல்லை. இறந்த நாள் 1777 ஜூன் 1, வயது 62 ஆண்டு 5 மாதம் என்று முடிகிறது. 1715 என்ற பிறப்பாண்டு இக்கணக்கிலிருந்து பெறப்பட்டதே. கணவராக, தந்தையாக அவர் எப்படி வாழ்ந்தார் என்பதைக் கல்லெழுத்து பேசவில்லை. அதைச் சொல்வன அருகிலுள்ள மனைவி, மகன் கல்லறைகளே.

இன்று. கோட்டை வளாகம் வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்காவாக உள்ளது. ஆலயத்துக்குக் கூரை இல்லை.