பழனிக்கு நடந்தவர்கள் பினாங்கில் எங்கே தங்கினார்கள்?

தைப்பூசத்துக்குச் சில நாள் முன்பு திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் போகும் சாலையில் நின்றால் நகரத்தார் காவடியைப் பார்க்கலாம். குன்றக்குடியில் கிளம்பி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனி வரை 150 கிலோமீட்டருக்கு மேல் நடை. இடது பக்கம் பழனி மலைத்தொடர் கூடவே வரும். அதன் உச்சியில்தான் கொடைக்கானல். மற்ற பாதயாத்திரைக்காரர்கள் சாமி கும்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். இந்தக் காவடிக்காரர்கள் திரும்பி வருவதும் நடந்துதான்!

இத்தனை பேருக்கும் ஒவ்வொரு இரவும் தங்க இடம் வேண்டும், சாப்பாடு வேண்டும். யாருக்காவது காய்ச்சல் வந்தால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நாட்டுக்கோட்டை நகரத்தார் இதைச் சில நூறு வருடங்களாகச் செய்துவருகிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் பழனிப் பக்கம் உப்பு விற்கப் போனவர்களிடமிருந்து இந்த நடை தொடங்கியதாக அவர்கள் மரபு சொல்கிறது. உப்பு விற்ற லாபத்தில் முருகனுக்கு ஒரு பங்கு. இப்படி வியாபாரத்திலிருந்து தர்மத்துக்கு எடுத்துவைக்கும் பணத்துக்கு மகமை என்று பெயர். மடம், சத்திரம், அன்னதானம் எல்லாம் அதில்தான் நடந்தன. யாரோ ஒரு வள்ளல் மனது வைத்தால்தான் சோறு என்ற நிலை இல்லை. கணக்கில் எழுதப்பட்ட செலவு அது.

19ஆம் நூற்றாண்டில் இவர்கள் வட்டித் தொழிலுக்காக இலங்கை, பர்மா, மலாயா என்று கப்பல் ஏறியபோது இதே ஏற்பாட்டையும் கூடவே கொண்டுபோனார்கள். பினாங்கில் 1857, சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859, இரண்டு ஊரிலும் தண்டாயுதபாணி கோயில் எழுந்தது. பழனி ஆண்டவரின் பெயர்தான். வடக்கே போகிறவர்களுக்காக 1863இல் காசியில் நகரச் சத்திரம் வந்தது.

வெளியூரில் படுக்கை கிட்டங்கியில். ஒரே நீளமான கூடத்தில் பல கடைகள் இருக்கும். ஒவ்வொரு கடைக்கும் ஒரு கைப்பெட்டி, ஒரு சாய்வு மேசை, உட்காரப் பாய், அவ்வளவுதான். பகலில் அங்கேயே வியாபாரம், இரவில் அங்கேயே தூக்கம். சமையல் பொதுவில். சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவிலும் சூலியா தெருவிலும் இப்படிப்பட்ட கிட்டங்கிகள் இருந்தன. முதலாளியின் ஏஜெண்ட் மூன்று வருடக் கணக்குக்குப் போவார். பெட்டியடிப் பையன்களும் உடன் போவார்கள். பெண்கள் பெரும்பாலும் செட்டிநாட்டிலேயே இருந்துவிட்டார்கள். அந்தப் பெரிய வீடுகளில் அவர்கள் தனியாகக் கழித்த வருடங்களை எந்தப் பேரேடும் எழுதிவைக்கவில்லை.

புதிதாக வந்து இறங்கும் ஆளை எப்படி நம்புவது? எந்த ஊர், ஒன்பது நகரக் கோயில்களில் எந்தக் கோயில், என்ன விலாசம் என்று கேட்பார்கள். விலாசம் என்றால் தெருப் பெயரும் கதவு எண்ணும் இல்லை. பாட்டனார், தகப்பனார் பெயர்களின் முதலெழுத்துகள். அதுவே கடையின் பெயர். அந்த எழுத்துகளைச் சொன்னால் ரங்கூனில் இருப்பவருக்குக் காரைக்குடிக் குடும்பம் தெரிந்துவிடும். உண்டியல் ஒன்று கையில் இருந்தால் ரொக்கத்தைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்ட வேண்டியதில்லை. ரங்கூனில் மாதாமாதம் நடப்பு வட்டியை முடிவு செய்ததும் மொகல் தெருவில் இருந்த கோயிலில் கூடித்தான். சாமி, பாங்க், தங்குமிடம், அவசரத்துக்கு ஆள் என எல்லாம் ஒரே வாசலில்!

ஆனால் அந்த வாசல் சொந்த சமூகத்துக்குத்தான் திறந்திருந்தது. அதே கப்பலின் கீழ்த்தட்டில் கூலிக்குப் போன தமிழர்களுக்கு விலாசமும் இல்லை, கிட்டங்கியும் இல்லை. பெரும்பாலும் கங்காணிதான் கதி.

1930 வாக்கில் பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாக அங்கு அமைக்கப்பட்ட வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. வசதியிருந்தவர்கள் கப்பலைப் பிடித்தார்கள். மற்றவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் காட்டில் நடந்தார்கள். பர்மாவிலிருந்து இந்தியா வந்து சேர்ந்தவர்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். காலராவிலும் பசியிலும் வழியில் செத்தவர்கள் பல்லாயிரம். இதுவும் நீண்ட நடைதான், ஆனால் முன்னால் போய் உலை வைக்க யாரும் இல்லை. செட்டியார்களின் நிலங்களை 1948இல் பர்மா அரசின் நில தேசியமயச் சட்டம் கொண்டுபோனது.

பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கோயில்கள் நிற்கின்றன, தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் வருகிறது. காசிச் சத்திரம் 2025 அக்டோபரில் 140 அறைகளோடு புதிய கட்டடம் ஒன்றைத் திறந்தது. குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடப்பவர்கள் இன்னமும் திரும்பியும் நடக்கிறார்கள்.